ஆடுகிற காலைப் பார்த்து வாசிப்பது: இங்கிலாந்தின் கண்ட்ரி டான்ஸ் குழுக்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ஊர் மண்டபங்களில் நடக்கும் கண்ட்ரி டான்ஸ் நிகழ்ச்சிகளில் நாலைந்து பேர் மேடையில் உட்கார்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அதில் அப்படி என்ன வேலை இருக்கிறது? யார் எதை வாசிக்கிறார்கள்? கர்நாடக வயலின் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் உட்கார வேண்டுமென்றால் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்:

திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் அங்கே வேலை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். ஆடுபவருக்கு அதுதான் வழிகாட்டி. எட்டுப் பேர் கைகோத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் கையை விடுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை மெட்டின் முடிவுதான் அவர்களுக்குச் சொல்கிறது. கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரைப் பார்த்து வாசிப்பார். இங்கே வாசிப்பவர் பார்க்க வேண்டியது ஆட்டம் நடக்கும் தரையை. நோட்டுப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்திருப்பவர் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் பாதி வேலைதான் செய்கிறார். எந்த வாத்தியம், என்ன வேகம், எந்தச் சுருதி, யார் எப்போது ஓய்வது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் கணக்கு. பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றும் 8 பார் (bar, தாளத்தை அளக்கும் சிறு கட்டம்). முதல் பாகம் இரண்டு முறை, இரண்டாம் பாகம் இரண்டு முறை, ஆக 32 பார். பாருக்கு இரண்டு அடி என்பதால் மொத்தம் 64 அடி. ஆதி தாளத்தில் போட்டுப் பார்த்தால் 4 பார் ஓர் ஆவர்த்தனம். ஒரு பாகம் இரண்டு ஆவர்த்தனம். முழுச் சுற்று எட்டு ஆவர்த்தனம். ஆடுபவர் அடிக்கு ஒரு காலடி வைக்கிறார். நால்வர் வலக்கையை நடுவில் சேர்த்துச் சக்கரமாகச் சுற்ற 8 காலடி, இடக்கையை மாற்றித் திரும்பிவர இன்னொரு 8. பாகம் தீர்ந்தது, அவர்களும் புறப்பட்ட இடத்துக்கு வந்தாயிற்று. நடனத்தை அமைத்தவர்கள் இந்தக் கணக்கின் மேல்தான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பாகத்தின் முதல் அடியும் ‘இதோ தொடங்குகிறது’ என்று காதில் விழ வேண்டும். பாகத்தின் கடைசி இரண்டு பாரில் அலங்காரத்தைக் கொட்டி அந்த எல்லையை மழுப்புவது புதிதாகச் சேரும் நல்ல வித்வான்கள் செய்கிற முதல் தவறு.

அடியின் உள்நடை எப்படி என்பதைப் பொறுத்து மெட்டின் இனம் மாறும். ஜிக் என்பது திஸ்ரம்: ஒரு பாருக்கு ‘தகிட தகிட’. ரீல் சதுஸ்ரம்: ‘தகதிமி தகதிமி’. போல்கா அதே சதுஸ்ரம்தான். ஆனால் ஸ்வரங்கள் குறைவு, நடை துடுக்கு. ஹார்ன்பைப்பில் இரண்டிரண்டு ஸ்வரங்களில் முன்னது நீண்டும் பின்னது குறுகியும் வரும். அதற்கு ஆடுபவர் ஒரு காலடி வைத்து அதே காலில் ஒரு துள்ளல் துள்ளுவார். வால்ட்ஸ் மூன்றடி. இவற்றைத் தவிர 17ஆம் நூற்றாண்டு நடனங்களில் மூன்று பெரிய அடி கொண்ட பழைய ஹார்ன்பைப் இனம் ஒன்று உண்டு. பெயர் ஒன்றுதான், பிந்தைய ஹார்ன்பைப்புக்கும் அதற்கும் நடையில் உறவே இல்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் தாளை மட்டும் பார்த்துவிட்டு ‘ஹார்ன்பைப் தானே’ என்று உட்கார்ந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே வகை மெட்டு போதாது என்பதற்கும் இந்த உள்நடைதான் காரணம். நடந்து ஆடும் ஆட்டத்துக்கு ஜிக்கும் ரீலும் பொருந்தும். துள்ளி ஆடுவதற்கு ஹார்ன்பைப். வடகிழக்கே நார்த்தம்பர்லாந்தில் ‘ரான்ட்’ என்றொரு கால்வேலை உண்டு. அதற்கு மிதமான ரீல் வேண்டும், விரைந்தால் கால் பின்னிக்கொள்ளும். ஆட்டம் சொல்பவர் (அடுத்த அசைவு என்னவென்று ஆடுபவர்களுக்கு அறிவிப்பவர்) ‘32 பார் ஜிக், ஏழு சுற்று’ என்று கேட்டால் குழுத் தலைவர் மனத்தில் ஓடுவது மெட்டின் பெயர் இல்லை. அந்தக் கால்களின் அசைவு.

ஒரு நடனத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கம்பர்லாந்து ஸ்கொயர் எய்ட்: நாலு ஜோடிகள் சதுரமாக நிற்பார்கள். மேடையை நோக்கியும் மேடைக்கு முதுகு காட்டியும் நிற்பவை தலை ஜோடிகள். மற்ற இரண்டும் பக்க ஜோடிகள். தலை ஜோடிகள் பக்கவாட்டில் பாய்ந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்புவது 8 பார். பக்க ஜோடிகள் அதையே செய்வது 8 பார். பிறகு தலை ஜோடிகளின் சக்கரம் 8, பக்க ஜோடிகளுக்கு 8. பிறகு ‘கூடை’ தலைக்கு 8, பக்கத்துக்கு 8. எல்லோரும் கைகோத்து வட்டம் 8, ஜோடியாக ஊர்வலம் வந்து இடம் சேர்வது 8. மொத்தம் 64 பார், அதாவது மெட்டு முழுதாக இரண்டு முறை. இரண்டாம் பாகத்தை ஒரு முறை வாசிக்க மறந்தால் அவ்வளவுதான்: சக்கரத்தில் சுற்றுபவர்களுக்குப் புதிய தொடக்கம் கேட்கிறது, பாதிப் பேர் கூடைக்குப் போகிறார்கள், பாதிப் பேர் நிற்கிறார்கள். இப்படி நடந்தால் குழு நிறுத்தக் கூடாது. முன்னணி வாத்தியக்காரர் விட்ட பாகத்தை உடனே இன்னொரு முறை வாசித்துக் கணக்கை நேராக்குவார். மற்றவர்கள் அவர் பின்னால் போக வேண்டும். ‘சரியாக’ வாசிக்கிறேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் தரையும் மேடையும் சேர்ந்து குலையும்.

கூடைதான் ஆபத்தான இடம். நால்வர் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் கைகோத்து இறுக்கிக்கொண்டு சுழலும்போது லேசான ஆட்களின் கால் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். கூச்சல் எழும். அந்த உற்சாகம் மேடைக்குத் தொற்றிக் குழுவும் வேகம் பிடிக்கும். கை நழுவி ஆள் பறப்பது இந்த நேரத்தில்தான். கூடை வரும்போது கனத்த கீழ்ஸ்வரங்களைத் தரும் பேஸ் வாசிப்பவர் தன் அடியைக் கல்லாக வைத்திருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். குழுக்கள் பெயர் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். நடந்து ஆடும் ஜிக்குக்கும் ரீலுக்கும் நிமிடத்துக்கு 108 முதல் 120 அடி. வயதானவர்கள் நிறைந்த தரையென்றால் 104 வரை இறக்கலாம். துள்ளல் ஹார்ன்பைப் தோராயமாக 80 முதல் 95க்குள். ஓர் அடிக்குள் காலடியும் துள்ளலும் இரண்டும் அடங்க வேண்டும் அல்லவா. 112 அடி வேகத்தில் 32 பார் சுற்று 34 விநாடி; ஏழு சுற்று நாலு நிமிடம். நாலு நிமிடம் என்பது வாசிப்பவருக்கு ஒன்றுமில்லை, 60 வயதில் துள்ளுகிறவருக்கு நிறைய. பெரிய மண்டபத்தில் நடக்க வேண்டிய தூரம் கூடுதல், வேகம் குறைய வேண்டும். கம்பளம் விரித்த ஓட்டல் அறையில் கால் வழுக்காது, அங்கும் குறைய வேண்டும். மரத்தளத்தில் கொஞ்சம் ஏற்றலாம். தலைவர் எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் இரண்டாம் பாகத்தின் நாலு பாரை மனத்துக்குள் பாடிப் பார்ப்பது நல்ல பழக்கம். முதல் பாகம் பெரும்பாலும் எளிது, அதை நினைத்து வேகம் வைத்தால் ஸ்வரம் நெருங்கிய இரண்டாம் பாகத்தில் இடறும்.

இனி வாத்தியங்கள். 3 முதல் 6 பேர் என்பது வழக்கமான அளவு. மெட்டுக்கு வயலின், இந்த உலகில் அதற்குப் பெயர் ஃபிடில், கருவி ஒன்றேதான். அடுத்தது மெலோடியன். பார்க்க அக்கார்டியன் போல இருக்கும். குணத்தில் மவுத் ஆர்கன். மவுத் ஆர்கனில் ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறு ஸ்வரம் வருமல்லவா, மெலோடியனிலும் துருத்தியை அமுக்கினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. இங்கிலாந்தில் புழங்குவது பெரும்பாலும் டி, ஜி என்ற இரண்டு சுருதிகளுக்கு இரண்டு வரிசைப் பொத்தான்கள் கொண்ட கருவி. டி வரிசையில் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் அமுக்கும்போது. ரிஷபம், மத்திமம், தைவதம், நிஷாதம் இழுக்கும்போது. சங்கராபரண ஆரோகணத்தை வாசித்தால் துருத்தி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும்; த–நி இரண்டும் தொடர்ந்து இழுப்பில் வரும் இடத்தில்தான் புதியவர் விரல் தடுமாறும். இந்தக் குலுக்கல்தான் அதன் அழகு. விரும்பினாலும் வழவழவென்று வாசிக்க முடியாது, அடி தானாக வெட்டி விழும். ஆடுபவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கான்செர்டினா ஆறு முகக் கையடக்கப் பெட்டி. இரண்டு இனம் முக்கியம். சார்ல்ஸ் வீட்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாக்கிய இங்கிலிஷ் கான்செர்டினாவில் அமுக்கினாலும் இழுத்தாலும் அதே ஸ்வரம், பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் உண்டு. ஆங்கிலோ கான்செர்டினா மெலோடியன் மாதிரி. ஆக்ஸ்போர்டை ஒட்டிய ஹெடிங்டன் குவாரியில் 1899 டிசம்பர் 26 அன்று நாட்டார் இசையைச் சேகரித்த செசில் ஷார்ப் முதன்முதலில் மாரிஸ் என்ற நாட்டார் ஆட்டத்தைப் பார்த்தபோது அதற்கு வாசித்த வில்லியம் கிம்பர் கையில் இருந்தது ஆங்கிலோதான். இங்கிலாந்தின் நாட்டார் நடன மீட்சிக்கு அந்த நாளைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். ஷார்ப் 1911இல் ஆங்கில நாட்டார் நடனச் சங்கத்தைத் தொடங்கினார். 1930இல் அவர் பெயரால் லண்டன் கேம்டனில் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸில் இன்றும் நடன மாலைகள் நடக்கின்றன.

மெட்டு வாசிக்க ஆள் கிடைப்பது எளிது. ஆறு பேரும் மெட்டே வாசித்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆட முடியாது. கீழே இருந்து தாங்க ஆள் வேண்டும். பியானோ அல்லது கீபோர்டு இருந்தால் இடக்கை அடியில் கனத்த ஸ்வரம், வலக்கை இரண்டு அடிக்கு நடுவில் கார்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்): ‘டும்–சக், டும்–சக்’. அந்த ‘சக்’தான் ஆடுபவரைத் தரையிலிருந்து தூக்குகிறது. டபுள் பேஸ் இருந்தால் ‘டும்’ அதனிடம் போய்விடும், பியானோவின் இடக்கை சும்மா இருக்க வேண்டும். இருவரும் வாசித்தால் சேறாகும். கிட்டார் வாசிப்பவர் சினிமாப் பாட்டு ஸ்ட்ரம் போடாமல் இந்த டும்–சக் வேலையை ஏற்க வேண்டும். தோல் வாத்தியம் ஒன்று போதும், அதுவும் மெட்டு தெரிந்தவர் கையில். மெட்டின் எல்லையை அறியாத தாளக்காரர் ஏழாவது பாரில் ஒரு தீர்மானம் போல அடித்துவிட்டால் கூட்டம் ஒரு பார் முன்னாலேயே திரும்பிவிடும்.

சாக்ஸஃபோன், டிராம்போன் இப்போது சகஜம். நார்த்தம்பர்லாந்தின் சிறு பைப் (பையில் காற்றடைத்து வாசிக்கும் குழல்) இனிமையானது. ஆனால் அதன் பழைய சுருதி எஃப் ஸ்வரத்தைவிடச் சற்று மேலே நிற்கும், மற்ற வாத்தியங்கள் அதோடு சேராது. ஜி சுருதியில் செய்த பைப் இருந்தால்தான் குழுவுக்கு ஆகும்.

சுருதிக்கு மெலோடியன்தான் எஜமானர். அதன் ரீடுகளை (ஓசை எழுப்பும் உலோக நாக்குகளை) மேடையில் யாரும் தொட முடியாது. அதிலும் பல கருவிகளில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு, ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசத்தில் வைத்திருப்பார்கள். அந்த அலையலையான ஓசை அதனால்தான். அந்த அலையைக் கேட்டு வயலினைச் சேர்க்கப் போனால் ஒருநாளும் சேராது. எல்லோரும் ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று வைத்து டியூனரில் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்வது உத்தமம். குளிர்ந்த மண்டபத்தில் ஃப்ளூட்டின் சுருதி இறங்கியிருக்கும். கூட்டம் ஆடி அறை சூடானதும் ஏறும். வயலின் கம்பி சூட்டில் தளரும். ரீடு மட்டும் கிட்டத்தட்ட நகராது. இடைவேளைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சேர்க்காத குழுவின் இரண்டாம் பாதியைக் காது கண்டுபிடித்துவிடும்.

இதே மெலோடியனால்தான் நாட்டுப்புற நடன மெட்டுகள் பெரும்பாலும் டி, ஜி என்ற இரண்டு சுருதியில் உழல்கின்றன. ஏ மேஜருக்குப் போனால் மெலோடியன்காரர் முகம் சுளிப்பார். எஃப், பி ஃபிளாட் என்றால் கையைக் கட்டிக்கொள்வார். புதிதாகக் குழு அமைப்பவர்கள் முதல் ஒத்திகைக்கு முன் இந்த ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பிளேஃபோர்ட் வகை நடனங்கள் வேறு வீடு. ஜான் பிளேஃபோர்ட் 1651இல் லண்டனில் வெளியிட்ட நடனப் புத்தகத்தில் 105 நடனங்கள் இருந்தன. மேலே ஒற்றை வரி மெட்டு, கீழே ஆடும் முறை, அவ்வளவுதான். கார்ட் கிடையாது, யார் எதை வாசிப்பது என்ற குறிப்பும் கிடையாது. ஏறக்குறைய 1728 வரை அந்தப் புத்தகம் 18 பதிப்புகள் கண்டது. பின்னால் வந்த பதிப்புகளில் நாடக மேடை மெட்டுகளும் சேர்ந்தன. இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் ‘அப்டெலாசர்’ நாடகத்துக்கு 1695இல் எழுதிய ஹார்ன்பைப் ஒன்று ‘சுவரில் ஓட்டை’ என்ற பெயரில் இன்றும் ஆடப்படுகிறது. முன்னால் சொன்ன மூன்றடி இனம் அது. இந்த மாலைகளில் வயலின், ரிக்கார்டர் அல்லது ஃப்ளூட், செல்லோ, கீபோர்டு எனக் குழு மெல்லியதாக இருக்கும். ஜி மைனர், டி மைனர் தாராளமாக வரும். டி–ஜி மெலோடியனுக்கு இங்கே வேலை குறைவு. ஆடுபவர்கள் துள்ளாமல் மிதந்து நடப்பார்கள் என்பதால் வில்லும் நீள வேண்டும், டும்–சக் அடங்க வேண்டும். ஊர் மண்டபக் குழு அதே முரட்டுத்தனத்தோடு இங்கே வந்தால் நன்றாக இராது. பிளேஃபோர்ட் குழு கல்யாணக் கூட்டத்துக்கு வாசிக்கப் போனாலும் அதே கதிதான், யாருக்கும் காதில் விழாது.

கல்யாணக் கூட்டம் என்றதும் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். பொது மக்களுக்கான ஆட்ட மாலையை ‘பார்ன் டான்ஸ்’ என்பார்கள்; ‘கேய்லி’ என்ற கேலிக் மொழிச் சொல்லும் அதே அளவு புழங்குகிறது. தமிழில் அதைக் கொஞ்சம் கவனமாக உச்சரிக்க வேண்டும், கேலியாகிவிடும். 1974இல் உருவான ஓல்ட் ஸ்வான் பேண்ட் இந்த வட்டாரத்தில் பெரிய திருப்பம். ஐரிஷ், ஸ்காட்டிஷ் ரீல்களை விரட்டி விரட்டி வாசிப்பதை விட்டுவிட்டு, தென் இங்கிலாந்துக் கிராமங்களின் போல்காவையும் ஹார்ன்பைப்பையும் கனமாக, நிதானமாக, துள்ளலுக்கு இடம் விட்டு வாசித்தார்கள். 1977இல் வந்த அவர்களின் இசைத்தட்டுக்குப் பெயரே ‘ரீல் கிடையாது’ என்பதுதான். இன்று இங்கிலிஷ் கேய்லி என்று தனியாகச் சொல்லும் நடைக்கு அந்த நிதானம் அடையாளமாகிவிட்டது. வேகம் திறமை இல்லை என்று அவர்கள் நிரூபித்தது பலருக்கு இன்னும் எட்டவில்லை.

அதற்கு முந்தைய கிராமத்து வாசிப்பு எப்படி இருந்தது என்பதற்கு நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் குடும்பம் நல்ல சான்று. டார்செட்டில் அவருடைய தாத்தா செல்லோ, அப்பாவும் அவருடைய சகோதரரும் வயலின். ஞாயிறன்று ஸ்டின்ஸ்ஃபோர்ட் தேவாலயத்தில் வாசித்த குடும்பமே கல்யாண வீடுகளில் நடனத்துக்கும் வாசித்தது. சிறுவன் ஹார்டியும் ஃபிடிலோடு கூடப் போவான். மெட்டுகளைக் கையால் எழுதிய அவர்களது நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களுக்கு ஆர்கனும் ஆர்மோனியமும் வந்து சேர, இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் கலைந்தன.

மேடையில் ஓர் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆட்டம் சொல்பவர் முதலில் இசையில்லாமல் ஆட்டத்தை நடத்திக் காட்டுவார். அப்போது குழு வாயையும் வாத்தியத்தையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஓரமாக மெட்டை முணுமுணுத்துப் பார்ப்பதுகூட மைக்கில் ஏறி அவர் பேச்சைக் கெடுக்கும். நடைப் பயிற்சி முடிந்ததும் நாலு பார் முன்னிசை. பெரும்பாலும் இரண்டாம் பாகத்தின் கடைசி நாலு பார்தான் அது. எட்டு அடி கேட்டதும் கூட்டத்துக்கு வேகம் பிடிபட்டுவிடும். ஆட்டம் சொல்பவர் ஒவ்வொரு அசைவையும் முந்தைய அசைவின் கடைசி நாலு அடிக்குள் சொல்லி முடிப்பார். ஆவர்த்தனத்தின் அந்தக் கடைசி நாலு அடி அவருடைய சொத்து. அங்கே டிராம்போன் பதில் கொடுத்தால் ‘இடப்பக்கம் சுற்று’ என்பது யார் காதிலும் விழாது. மூன்று நாலு சுற்றுக்குப் பின் அவர் சொல்வதை நிறுத்திவிடுவார்; அலங்காரம், எதிர்மெட்டு எல்லாவற்றையும் அதுவரை பையில் வைத்திருப்பதே நல்லது.

எத்தனை சுற்று என்பது ஆட்டத்தின் அமைப்பைப் பொறுத்தது. ஐந்து ஜோடி நீள வரிசையில் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி முதலிடத்துக்கு வருகிற ஆட்டமென்றால் சுற்று ஐந்து. நாலோடு முடித்தால் ஒரு ஜோடிக்கு முறை வராமல் போகும்; அவர்கள் முகத்தை மேடையிலிருந்தே பார்க்கலாம். சர்க்காசியன் சர்க்கிள் போன்று ஜோடி மாறிக்கொண்டே போகும் பெரிய வட்டத்துக்குக் கணக்கு கிடையாது, ஆட்டம் சொல்பவர் கூட்டத்தின் மூச்சைப் பார்த்து நிறுத்துவார். ‘இன்னும் ஒன்று’ என்று அவர் ஒரு விரலைக் காட்டுவார், குழுத் தலைவர் ஒரு காலைத் தூக்குவார். கை இரண்டும் வாத்தியத்தில் இருப்பதால் கால்தான் சைகை. அதை எல்லோரும் பார்க்கும்படி பிறை வடிவில் உட்கார வேண்டும். வரிசையாக உட்கார்ந்த குழுவில் கடைசி நாற்காலிக்காரர் எப்போதும் ஒரு பார் தாமதமாகத்தான் முடிப்பார்.

ஒரே மெட்டை ஏழு முறை வாசிப்பது அரிது. இரண்டு அல்லது மூன்று மெட்டுகளைக் கோத்து வைத்திருப்பார்கள். மாற்றம் முதல் பாகத்தின் தொடக்கத்தில் மட்டும். ஜியிலிருந்து டிக்குப் போவது பழகிய வழி. மாறுகிற நொடியில் ஆடுபவர்கள் நிமிர்வதைப் பார்க்கலாம். கடைசி நாலு பாரில் தலைவர் அடுத்த சுருதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் போதாது, பேஸ்காரருக்குப் பெயர் எதற்கு? ஒரே மெட்டுக்குள்ளும் நிறம் மாற்றலாம். மூன்றாம் சுற்றில் பேஸ் ஓயட்டும், நாலாவதில் அது திரும்ப வரும்போது தரை அதிரும். ஐந்தாவதில் வயலினும் பேஸும் மட்டும். ஒரு விதி: மெட்டும் அடியும் ஒரே நேரத்தில் ஓயக் கூடாது. மெட்டு நின்றால் அடி கனமாக இருக்க வேண்டும், அடி நின்றால் மெட்டு வெட்டாக இருக்க வேண்டும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று எண்ணுவதை ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் எண்ணினால் மூன்று விடைகள் வரும்.

கர்நாடக வயலின்காரருக்குத் தாளக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது, அது பெரிய சலுகை. மாற்ற வேண்டியவை வேறு. முதலாவது கம்பி. ச–ப–ச–ப முறை இங்கே ஆகாது. கீழிருந்து ஜி, டி, ஏ, இ என்று வைக்க வேண்டும். இருக்கிற கம்பியையே முறுக்கி ஏற்றினால் அறும். இந்த வேலைக்கென்று கம்பி மாற்றிய இரண்டாவது வயலின் ஒன்றை வைத்துக்கொள்வது எளிது. இரண்டாவது பிடிமானம். சம்மணமிட்டு வாசிக்கும்போது ஒரு முனை காலிலும் மறுமுனை தோளிலும் ஊன்றியிருப்பதால் இடக்கை தாராளமாக வழுக்கும். நாற்காலியில் மோவாய்க்கடியில் பிடிக்கும்போது அந்த வழுக்கல் நடக்காது. நல்லவேளையாக இந்த மெட்டுகள் ஏறக்குறைய முழுக்க முதல் பொசிஷனிலேயே அடங்கும், கை நகரத் தேவையில்லை.

மூன்றாவதுதான் கடினம்: கமகத்தை விட வேண்டும். பக்கத்தில் ரீடு வாத்தியம் ஆணி அடித்ததுபோல் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது வயலின் காந்தாரத்தை அசைத்தால் அது அபஸ்வரமாகத்தான் கேட்கும். அழகை வலக்கைக்கு மாற்ற வேண்டும். முதலில் வில்லுக்கு ஒரு ஸ்வரம், அடி விழும் இடத்தில் லேசான அழுத்தம். அது பழகியதும் ஜிக்கில் மூன்றில் இரண்டை ஒரே வில்லில் சேர்த்து மூன்றாவதைத் தனியாக வெட்டலாம். துள்ளல் அங்கே பிறக்கிறது. மனோதர்மம் வேண்டாமா என்றால், வேண்டும். மெட்டின் எல்லை மறையாத அளவுக்கு.

தொடங்குவதற்கு மெட்டு தேட வேண்டியதில்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர்களிடமிருந்து வயலின் கற்ற காலத்தில், அங்கிருந்த ஐரோப்பிய பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் எழுதிய சமஸ்கிருத சாகித்தியங்கள்தான் நோட்டுஸ்வரங்கள். அவற்றில் ‘வந்தே மீனாக்ஷி’ உண்மையில் ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ என்ற ஐரிஷ் நடன மெட்டு. இங்கிலாந்தின் நடனக் குழுக்களும் அதை வாசிக்கின்றன. ‘ஜகதீச குருகுஹ’ வந்தது ஒரு ஸ்காட்டிஷ் ரீலிலிருந்து. ஆகவே ‘வந்தே மீனாக்ஷி’யை எடுத்துக்கொண்டு, சட்ஜத்தை டியில் வைத்து, சாகித்தியத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் இருமுறையாக 112 வேகத்தில் ஏழு சுற்று நிற்காமல் வாசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரை அறைக்குள் அந்த அடிக்கு நடக்கச் சொல்லுங்கள். எட்டாவது காலடியில் அவர் தானாகத் திரும்பினால் வாசிப்பு சரி. யோசித்துத் திரும்பினால் பாகத்தின் முதல் ஸ்வரத்தில் வில்லை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்.